அஞ்சியும் பின்வாங்காதவள்

சாரா பரெட்ஸ்கியின் துப்பறியும் நாவல் வரிசை: ஒரு மதிப்பீடு

துப்பறியும் நாவல் என்றால் கற்றோர் சிலருக்கு இன்னும் ஓர் இளக்காரம் உண்டு. இரயிலில் படித்து, இறங்கும்போது இருக்கையிலேயே விட்டுப் போகத் தக்க நூல் என்பது அவர்கள் கருத்து. கொலை செய்தவன் இன்னான் என்று தெரிந்த பிறகு அந்நூலில் என்ன எஞ்சியிருக்கிறது என்று அவர்கள் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. புதிர் ஒன்றே நூலின் உயிரானால், புதிர் அவிழ்ந்ததும் நூலும் உயிர் விட வேண்டியதுதான். ஆயினும், குற்றவாளியைப் பாதி நூலிலேயே ஊகித்துவிட்ட வாசகன் இறுதிப் பக்கம் வரை நூலைக் கீழே வைக்காமல் படிக்கிறான். அடுத்த நூல் எப்போது வரும் என்று ஆண்டுக்கணக்கில் காத்தும் இருக்கிறான். அப்படியானால் புதிரினும் பெரிய சுவை ஒன்று அங்கே இருத்தல் வேண்டும். அச்சுவை யாது என்று ஆராய்வதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு, அமெரிக்க நாவலாசிரியை சாரா பரெட்ஸ்கி எழுதிவரும் வி. ஐ. வார்ஷாவ்ஸ்கி வரிசை.

1982-ம் ஆண்டில் வெளிவந்த ‘இண்டெம்னிட்டி ஒன்லி’ இவ்வரிசையின் முதல் நாவல். 2024-ம் ஆண்டில் வெளிவந்த ‘பே டர்ட்’ இருபத்திரண்டாவது. இத்தனை நூல்களிலும் தலைமை தாங்குபவள் ஒருத்தியே. சிக்காகோ நகரத்தில் தனியே அலுவலகம் வைத்துத் துப்பறியும் தொழில் நடத்தும் வார்ஷாவ்ஸ்கி என்ற பெண் அவள். அடிக்கு அஞ்சாதவள், சுடு சொல்லுக்குச் சுடு சொல் கொடுப்பவள், யாருடைய அதிகாரத்துக்கும் தலை வணங்காதவள் என்று அவளைப் புகழ்வார் பலர். அப்புகழ்ச்சியில் பாதிதான் உண்மை. மற்றப் பாதியில்தான் இந்நாவல்களின் பெருமை அடங்கியிருக்கிறது.

முன்னோர் வகுத்த வழி

அமெரிக்கத் துப்பறியும் நாவலுக்கு ஒரு தனி மரபு உண்டு. டாஷியல் ஹாமெட் எழுதிய ‘மால்ட்டீஸ் ஃபால்கன்’ 1930-லும், ரேமண்ட் சாண்ட்லர் எழுதிய ‘பிக் ஸ்லீப்’ 1939-லும் நூல்வடிவம் பெற்றன. இவ்விருவரும் படைத்த துப்பறிவாளன் தனியன். அவனுக்குத் தாயில்லை, தங்கையில்லை, அண்டை வீட்டாரும் இல்லை. நகரத்தின் அழுக்கையெல்லாம் கண்டு, கசந்து, எவரையும் நம்பாமல் நடப்பவன் அவன். அந்நாவல்களில் முதன்மையாக வரும் பெண்கள் பெரும்பாலும் இரண்டு வகையினர். அழகால் மயக்கிக் காட்டிக்கொடுப்பவள் ஒரு வகை; அடிபட்டும் கெட்டும் அழிபவள் மற்றொரு வகை.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. அகதா கிறிஸ்டி படைத்த மிஸ் மார்ப்பிள் 1930-லேயே ஒரு முழு நாவலில் தோன்றிவிட்டாள். ஆனால் அவள் முதியவள். தோட்டத்தையும் பின்னல் ஊசியையும் விட்டு அதிகம் நகராமல், ஊர்வம்பின் நுண்மையால் கொலைகாரனைக் கண்டுபிடிப்பவள். 1972-ல் பி. டி. ஜேம்ஸ், கார்டிலியா கிரே என்ற இளம்பெண்ணைத் துப்பறியும் தொழிலில் அமர்த்தியபோது, பெண்ணுக்கு ஒவ்வாத தொழில் என்னும் பொருள்படவே நூலுக்குப் பெயர் சூட்டினார். அமெரிக்காவில் 1977-ல் மார்சியா முல்லர் ஷாரன் மக்கோன் என்பவளைப் படைத்தார். 1982-ல், வார்ஷாவ்ஸ்கி பிறந்த அதே ஆண்டில், சூ கிராஃப்டனின் கின்ஸி மில்ஹோன் என்பவளும் பிறந்தாள். அவ்வாறு காலம் கனிந்திருந்தது.

பரெட்ஸ்கி 1947-ல் அயோவா மாநிலத்தில் பிறந்து கான்சாஸில் வளர்ந்தவர். 1966-ம் ஆண்டின் கோடையில் சமூகத் தொண்டு செய்வதற்காக முதன்முதல் சிக்காகோவுக்கு வந்தார். கறுப்பின மக்களுக்கு வீட்டுரிமை வேண்டி மார்ட்டின் லூதர் கிங் அந்நகரத்தில் ஊர்வலங்கள் நடத்திய கோடை அது. பின்னர் அங்கேயே தங்கி, 1977-ல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையில் டாக்டர் பட்டம் பெற்றார். முதல் நாவலை எழுதிய காலத்தில் அவர் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் ஊழியராக இருந்தார். வரலாற்று மாணவியின் கண்ணும் காப்புறுதி ஊழியரின் அனுபவமும் சேர்ந்தே இந்த வரிசையை உருவாக்கின என்று கூறுவது மிகையாகாது.

பெயருக்குள் ஒளிந்த கதை

முதல் நாவல் ஒரு கோடை இரவில் தொடங்குகிறது. பழைய கட்டடம் ஒன்றில் இருக்கும் வார்ஷாவ்ஸ்கியின் அலுவலகத்துக்கு ஒருவர் வருகிறார். மகனுடைய காதலியைக் காணவில்லை, தேடித் தர வேண்டும் என்கிறார். தாம் தேடி வந்த துப்பறிவாளர் ஒரு பெண் என்றறிந்ததும் தயங்குகிறார். வார்ஷாவ்ஸ்கி தேடப் போன இடத்தில் அந்த மகன் பிணமாகக் கிடக்கிறான். வந்தவர் சொன்ன பெயரும் பொய் என்று தெரிகிறது.

வி. ஐ. என்னும் எழுத்துகளின் விரிவு விக்டோரியா இஃபிஜீனியா. வழக்கறிஞராக இருந்த நாளில், முதற்பெயர் தெரிந்தால் உடன் பணியாற்றும் ஆண்கள் தன்னைச் சிறுமியாக நடத்துகிறார்கள் என்று கண்டு, அவள் எழுத்துகளை மட்டும் வழங்கத் தொடங்கினாள். கிரேக்கப் பழங்கதையில் இஃபிஜீனியா யார்? போருக்குப் புறப்படும் கப்பல்களுக்குக் காற்று வேண்டும் என்பதற்காகத் தந்தையாலேயே பலிபீடத்துக்கு அனுப்பப்பட்ட மகள். பெரியவர்கள் தம் காரியம் முடிய எளியவர்களைப் பலியிடுவது இவ்வரிசையின் ஒவ்வொரு நூலிலும் நடக்கிறது. பலியிடப்பட்டவளின் பெயரைத் தாங்கியவளே பலியிடுவோரைத் தேடிப் போகிறாள். ஆசிரியை இதை எங்கும் உரக்கச் சொல்வதில்லை. பெயரில் வைத்துவிட்டுப் பேசாமலிருக்கிறார்.

தாளில் நடக்கும் கொலை

இந்நாவல்களில் துப்பாக்கி வெடிக்கிறது, கத்தி பாய்கிறது, வீடு தீப்பற்றுகிறது. ஆனால் குற்றத்தின் வேர் எப்போதும் ஒரு தாளில் இருக்கிறது. முதல் நாவலில் அது, அடிபடாத தொழிலாளிக்கு அடிபட்டதாக எழுதிக் கொடுக்கப்பட்ட காப்புறுதி இழப்பீட்டுச் சீட்டு. 1985-ல் வந்த ‘கில்லிங் ஆர்டர்ஸ்’ நாவலில் அது, ஒரு துறவியர் மடத்தின் பெட்டியில் கண்டெடுக்கப்படும் போலிப் பங்குப் பத்திரம். 1988-ல் வந்த ‘பிளட் ஷாட்’ நாவலில் அது, ஓர் இரசாயன ஆலையின் மருத்துவர் எழுதி வைத்த இரத்தப் பரிசோதனைக் குறிப்பேடு.

இக்கடைசி நாவல் தனியே நின்று நோக்கத் தக்கது. பிரிட்டனில் ‘டாக்ஸிக் ஷாக்’ என்ற பெயரில் வெளியாகி, அந்நாட்டுக் குற்றக்கதை எழுத்தாளர் சங்கத்தின் வெள்ளிக் குத்துவாள் விருதைப் பெற்றது. பள்ளிக்கூடத்துப் பழைய கூடைப்பந்து அணியினரைக் காண்பதற்காக வார்ஷாவ்ஸ்கி தான் பிறந்து வளர்ந்த தென் சிக்காகோவுக்குப் போகிறாள். அங்கே, சிறுவயதில் தங்கைபோல் பழகிய கேரலைன், தன் தந்தை யாரென்று கண்டுபிடித்துத் தருமாறு வேண்டுகிறாள். கேரலைனுடைய தாய் லூயிஸா சிறுநீரக நோயால் சாகக் கிடக்கிறாள். தகப்பனைத் தேடும் வழி ஆலைக்குள் போய் முடிகிறது. தொழிலாளரின் உடலில் நஞ்சேறுவதை நிர்வாகம் பரிசோதனை செய்து அறிந்திருந்தது. அறிந்ததைத் தொழிலாளருக்குச் சொல்லாமல் மறைத்தது. இங்கே கொலையாளி யார்? கத்தி எடுத்தவன் மட்டுமா? எண்ணைக் குறித்துக்கொண்டு வாய் மூடியவனுமா?

அவ்வட்டாரத்தின் உண்மை வரலாறும் இக்கதைக்குப் பின்னால் நிற்கிறது. தென்கிழக்குச் சிக்காகோவின் விஸ்கான்சின் உருக்காலை 1980-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் திடீரென மூடப்பட்டு மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலையிழந்தனர். ஒரு காலத்தில் பல்லாயிரம் பேருக்குச் சோறு போட்ட சவுத் வொர்க்ஸ் உருக்காலை 1992-ல் மூடப்பட்டது. வார்ஷாவ்ஸ்கி தன் ஊருக்குப் போகும்போதெல்லாம் கண்ணில் படும் துருவேறிய வாயில்களும், நஞ்சு கலந்த குட்டைகளும், குடிபோன வீடுகளும் வெறும் வருணனையல்ல. அவையும் வழக்கின் சாட்சியங்களே.

துப்பறியும் தொழிலை இவ்வாறு கணக்கேட்டை வாசிக்கும் தொழிலாக ஆக்கியது பரெட்ஸ்கியின் பெருஞ்சாதனை. படிப்பவனுக்கு இதில் ஓர் இன்பம் இருக்கிறது. தன் வாழ்வைத் தீர்மானிக்கும் தாள்களைத் தானே படித்துப் புரிந்துகொள்ள முடியாத சாதாரண மனிதனுக்காக ஒருத்தி அமர்ந்து, வரி வரியாகப் படித்து, பொய் எந்த வரியில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுகிறாள்.

வன்மை எது?

பெண்ணுக்கு அச்சமே அணிகலன் என்று சொல்லிவந்த உலகில், அச்சம் என்பதே அறியாத பெண்ணொருத்தியைக் கதையில் படைத்துவிடுவது எளிது. ஆணின் சட்டையை எடுத்து அவளுக்கு மாட்டி, கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டால் போதும். அத்தகைய பாத்திரம் ஒரு நூலுக்குத் தாங்கும். இருபத்திரண்டு நூல்களுக்குத் தாங்காது. வார்ஷாவ்ஸ்கி அப்படிப்பட்டவள் அல்லள். அவளுக்கு அடி விழுந்தால் வலிக்கிறது. ‘பிளட் ஷாட்’ நாவலில் சாகட்டும் என்று சதுப்புக் குட்டையில் எறியப்படுகிறாள். உயிர் பிழைத்த பிறகு அச்சம் அவளை விட்டு ஓடிவிடுவதில்லை. உறக்கத்தில் வருகிறது, கதவைத் திறக்கும்போது வருகிறது. 1999-ல் வந்த ‘ஹார்ட் டைம்’ நாவலில், தனியார் நிறுவனம் நடத்தும் சிறை ஒன்றில் பொய்க் குற்றச்சாட்டின் பேரில் அடைபடுகிறாள். காவலர் கொடுமையும், கைதிப் பெண்களின் உழைப்பைச் சுரண்டும் தொழிற்கூடமும் அங்கே அவள் கண்ணில் படுகின்றன. வெளியே வருபவள் பழைய வார்ஷாவ்ஸ்கி அல்லள், ஒடிந்து போனவள். அவள் மீண்டும் நிமிர்வதற்கு ஆசிரியை போதிய நேரம் கொடுக்கிறார். வன்மை என்பது அஞ்சாமை அன்று, அஞ்சிய பிறகும் மறுநாட்காலை எழுந்து அதே கேள்வியைக் கேட்கப் போவதே என்ற பொருள் இந்நாவல்களால் அச்சொல்லுக்குக் கிடைக்கிறது.

அவள் தனியளும் அல்லள். முன்னோர் படைத்த துப்பறிவாளனுக்கு இல்லாத சுற்றம் இவளுக்கு உண்டு. தந்தை டோனி போலந்து வழி வந்த போலீஸ்காரர். தாய் கேப்ரியெல்லா பாசிச ஆட்சிக்குத் தப்பி இத்தாலியிலிருந்து ஓடி வந்தவள். இசைக்கலைஞராக வேண்டும் என்ற கனவு உருக்காலைப் புகையில் கருகிப்போனவள். இருவரும் கதை தொடங்குமுன்பே இறந்துவிட்டனர். தாய் துணியில் சுற்றிக் கொண்டுவந்த வெனிஸ் நகரத்துச் சிவப்பு மதுக்கிண்ணங்களை மகள் போற்றி வைத்திருக்கிறாள். நூல்கள் வளர வளர, பகைவர் வீடு புகுந்து செய்யும் அழிவுகளில் ஒன்றிரண்டாக அவை உடைந்து எண்ணிக்கை குறைகிறது. எலும்பு முறிந்தபோது அழாதவள் கிண்ணம் உடைந்தபோது கலங்குகிறாள். கீழ்வீட்டில் இருக்கும் கான்ட்ரெராஸ், ஓய்வு பெற்ற இயந்திரத் தொழிலாளி. வாய் ஓயாமல் பேசி, எல்லாவற்றிலும் தலையிட்டு, நாய்களை வளர்ப்பதில் பங்கு கொண்டு, பெற்ற மகளைவிட மேலாக அவளைப் பாவிக்கிறார். டாக்டர் லாட்டி ஹெர்ஷெல், வியன்னாவில் பிறந்த யூதப் பெண்மணி. நாஜிகளின் கொடுமைக்குத் தப்பிக் குழந்தைப் பருவத்திலேயே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டவர். ஏழைப் பெண்களுக்காக மருத்துவமனை நடத்துபவர். வார்ஷாவ்ஸ்கிக்குத் தாய்க்குத் தாயாகவும் தோழிக்குத் தோழியாகவும் இருப்பவர்.

வாசகன் ஒவ்வொரு புது நூலையும் ஆவலோடு திறப்பது, உறவினர் வீட்டுக்குப் போய் வருவது போன்ற இந்த உணர்ச்சியால்தான். கொலை யார் செய்தான் என்பது அடுத்த கேள்வி. கிழவர் நலமா, நாய்கள் நலமா, லாட்டியோடு பிணக்குத் தீர்ந்ததா என்பதே முதற் கேள்வி.

விலை கொடுப்பவர் யார்?

பிணக்கு என்று குறிப்பிட்டது காரணத்தோடுதான். இவ்வரிசையை மற்ற வீரக்கதைகளிலிருந்து பிரித்து உயர்த்துவது இந்த இடமே. 1992-ல் வந்த ‘கார்டியன் ஏஞ்சல்’ நாவலில் வார்ஷாவ்ஸ்கியின் காரை லாட்டி ஓட்டிச் செல்கிறார். வார்ஷாவ்ஸ்கி என்று எண்ணி முரடர்கள் அவரைத் தாக்குகின்றனர். ஒருத்தியின் துணிவுக்கு விழ வேண்டிய அடி மற்றொருத்தியின் மேல் விழுகிறது. சிறுவயதில் ஒரு நாட்டையும் குடும்பத்தையும் வன்முறைக்குப் பறிகொடுத்த லாட்டிக்கு, அந்த அடியை மறப்பது எளிதன்று. இருவருக்குமிடையே நீண்ட காலம் ஆறாத விரிசல் உண்டாகிறது. நீ நீதிக்காகப் போராடுகிறாய், சரி. ஆனால் உன் போராட்டத்துக்கு என்னைக் கேட்காமல் என்னைச் செலவிட உனக்கு உரிமை உண்டா? லாட்டியின் மௌனம் கேட்கும் கேள்வி இதுவே. நூலில் இதற்கு விடை இல்லை. விடை இல்லாததே நூலின் நேர்மை.

முதல் நாவலிலேயே இதன் வித்து இருக்கிறது. அதில் ரால்ஃப் டெவரோ என்னும் காப்புறுதி அதிகாரி வார்ஷாவ்ஸ்கியிடம் அன்பு கொள்கிறான். ஆனால் தன் மேலதிகாரியின் மேல் அவள் சொல்லும் குற்றத்தை நம்ப மறுக்கிறான். நம்பாமையின் பலனாகத் தானே குண்டடிபடுகிறான். பெண் சொன்னால் ஆண் எளிதில் நம்புவதில்லை என்பது கதையின் கிண்டல். அதற்காக அவன் சிந்தும் இரத்தம் கிண்டலன்று. பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2001-ல் வந்த ‘டோட்டல் ரீகால்’ நாவலில் அதே நிறுவனமும் அதே ரால்ஃபும் திரும்ப வருகின்றனர். யூதர்களுக்கு விற்கப்பட்ட பழைய ஆயுள் காப்புறுதிப் பத்திரங்களைச் சுற்றிய அக்கதையில், லாட்டி தம் இளமைத் துயரைத் தம் வாய்மொழியாகவே சொல்கிறார். வரிசை நாவலுக்கே உரிய சிறப்பு இது. ஒரு நூலில் விழுந்த காயத்தின் வடு, இருபதாண்டு கழிந்த மற்றொரு நூலில் தெரிகிறது.

குறைகள்

குறைகளும் இல்லாமலில்லை. தொடர்பில்லாத இரண்டு மூன்று வழக்குகள் தொடக்கத்தில் வரும். முடிவில் அவை எல்லாம் ஒரே முடிச்சில் வந்து சேரும். ஒருமுறை வியப்பு, ஐந்தாம் முறை எதிர்பார்ப்பு, பத்தாம் முறை தற்செயலின் மேல் ஆசிரியை வைத்திருக்கும் அளவிறந்த நம்பிக்கை. பணம் படைத்த பெருமகன் ஒருவன் கதையில் நுழையும்போதே குற்றவாளிக் கூண்டு அவனுக்குத் தயாராகிவிடுகிறது. பணக்காரரில் நல்லவரும் ஏழைகளில் கயவரும் உண்டு என்பதை ஆசிரியை அறியாதவரல்லர்; ஆயினும் அவருடைய சினம் பல வேளைகளில் அவருடைய கதையை முந்திக்கொள்கிறது. பாத்திரங்கள் பேச வேண்டிய இடத்தில் சில சமயம் தலையங்கம் பேசுகிறது. வயது விஷயத்திலும் ஒரு சங்கடம் உண்டு. தொடக்கத்தில் ஆண்டுக்கு ஆண்டு மூப்படைந்த கதாநாயகி ஐம்பதை எட்டியதும் காலத்தோடு சமாதானம் செய்துகொண்டாள். அன்றே முதியவராக இருந்த கான்ட்ரெராஸ், கணக்குப் பார்த்தால் நூறு வயதைத் தாண்டியிருக்க வேண்டும். அன்புள்ள வாசகன் அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

1991-ல் காத்லீன் டர்னர் நடிக்க இப்பாத்திரம் திரைப்படமாயிற்று. படம் வெற்றி பெறவில்லை. கதாநாயகியின் துடுக்கை எடுத்துக்கொண்டு அவளுடைய துயரத்தை விட்டுவிட்டது அதன் பிழை. வன்மையை வாய்வீச்சாகவும் உதையாகவும் கண்டவர்கள் செய்யும் பிழையும் அதுவே.

முடிவு

பெண்கள் எழுதும் துப்பறியும் நாவல்களைப் பத்திரிகைகள் போதிய அளவில் மதிப்புரைக்கு எடுத்துக்கொள்வதில்லை என்ற குறையை முன்வைத்து, 1986-ல் ‘சிஸ்டர்ஸ் இன் கிரைம்’ என்ற எழுத்தாளர் அமைப்பு தோன்றுவதற்கு முன்னின்றவரும் பரெட்ஸ்கியே. அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர் சங்கம் 2011-ல் அவருக்குப் பெருங்கலைஞர் என்னும் உயர் பட்டம் அளித்தது. பட்டங்களால் நூலின் தரம் நிலைநாட்டப்படுவதில்லை. மறுமுறை படிக்கத் தூண்டுவதால்தான் அது நிலைநாட்டப்படுகிறது.

‘பிளட் ஷாட்’ நாவலின் கொலையாளியை அறிந்த பிறகும் அதை மீண்டும் எடுத்துப் படிக்கலாம். இரண்டாம் முறை படிக்கும்போது, சாகக் கிடக்கும் லூயிஸாவின் கட்டிலருகே வார்ஷாவ்ஸ்கி அமர்ந்திருக்கும் பக்கங்களில் வாசகனின் கை தயங்கி நிற்கும். அங்கே துப்பு ஒன்றும் கிடைப்பதில்லை, யாரும் சுடப்படுவதுமில்லை. ஒரு காலத்தில் அண்டை வீட்டுச் சிறுமியாக இருந்தவள், தன்னை அந்நாளில் அறிந்திருந்த பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். வார்ஷாவ்ஸ்கியின் சினம் அந்தக் கட்டிலருகே பிறக்கிறது. பின்னர் அவள் ஓடுவதும் அடிபடுவதும் எழுவதும் அச்சினத்தின் விளைவுகளே. துப்பறியும் நாவலை இளக்காரமாகப் பேசுவோர் அந்தப் பக்கங்களை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். பிறகு இருக்கையிலேயே நூலை விட்டு இறங்க அவர்களுக்கு மனம் வருகிறதா என்பது தெரிந்துவிடும்.